ஒலிப்பதிவுக்கு இரண்டு லட்ச ரூபாய் லேப்டாப் எதற்கு?

புணேயில் ஒலிப்பொறியியல் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள், ஹிஞ்சேவாடி ஐடி நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டே வாரக் கடைசியில் பாட்டுப் பதிவு செய்யும் நம் இளைஞர்கள், பிள்ளையின் கச்சேரியைச் சுத்தமாகப் பதிவு செய்ய ஆசைப்படும் பெற்றோர்கள் எல்லோரிடமும் ஒரே நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. வீட்டில் ரெக்கார்டிங் செய்ய வேண்டுமானால் முதலில் பெரிய லேப்டாப் வாங்க வேண்டும். கையில் பணம் இருந்தால் மேக்புக் ப்ரோ. இல்லாவிட்டால் ஐ9 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம் எல்லாம் உள்ள கேமிங் லேப்டாப். மைக்கும் ஹெட்ஃபோனும் அறையும் அப்புறம். மின்னணுச் சாமான் விற்கும் தாப்கீர் கல்லிக் கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார், யூடியூபில் லேப்டாப் பரிந்துரைப்பவரும் இதைத்தான் சொல்கிறார். சில பயிற்சி நிலையங்கள் சேர்க்கையின்போது கையில் கொடுக்கும் பட்டியலிலும் இதுவே இருக்கிறது.

இது தவறான யோசனை. வெறும் கருத்து வேறுபாடு என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை, ஏனென்றால் இதற்கு விலை கொடுப்பவர்கள் மாணவர்கள். இரண்டு லட்ச ரூபாய் லேப்டாப்பை மாதத் தவணையில் வாங்கிய பையன், தவணை முடியும்வரை மொபைலோடு வந்த இயர்ஃபோன் மைக்கில் பாடிக்கொண்டிருக்கிறான். அந்த ‘அப்புறம்’ பெரும்பாலும் வருவதே இல்லை. பதிவு மட்டமாக இருக்கிறதே என்று அவன் வருந்தும்போது, ராம் போதவில்லை என்று இன்னொருவர் வந்து சொல்கிறார்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது இன்று தொழில்முறைப் பதிவின் வழக்கமான அளவு. விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒரு மைக்குக்கு விநாடிக்கு 1,44,000 பைட், நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டரை எம்பி. குரல், தம்பூரா, ஹார்மோனியம், வயலின், தபலாவுக்கு இரண்டு, மிருதங்கத்துக்கு இரண்டு என்று எட்டு மைக்கை ஒரே நேரத்தில் வைத்தாலும் விநாடிக்கு 1.15 எம்பிதான். பதினாறு மைக் வைத்தால் 2.3 எம்பி. தூக்கிப்போடத் தயாராக வைத்திருக்கும் பழைய லேப்டாப்பின் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே விநாடிக்கு 100 எம்பி அளவில் எழுதும். ரெக்கார்டிங் நடக்கும்போது லேப்டாப் செய்வது இவ்வளவுதான்: வந்த எண்களை வாங்கிக் கோப்பில் எழுதுகிறது.

ஒலியின் தரத்தை லேப்டாப் தொடுவதுகூட இல்லை. மைக்கிலிருந்து வரும் மில்லிவோல்ட் அளவு மின்னழுத்தத்தைப் பெருக்குவதும், அதை எண்ணாக மாற்றுவதும் ஆடியோ இண்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டியின் வேலை. எண்கள் யூஎஸ்பி வழியாக வந்து சேர்ந்த பிறகு, முப்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் எழுதிய கோப்புக்கும் மூன்று லட்ச ரூபாய் லேப்டாப்பில் எழுதிய கோப்புக்கும் ஒரு பிட் வித்தியாசம்கூட இருக்காது. ‘நல்ல லேப்டாப்பில் பதிவு செய்தால் குரல் நன்றாக வரும்’ என்ற பேச்சு இதோடு முடிந்துவிட வேண்டும்.

அப்படியானால் விலை குறைந்த லேப்டாப்பில் பதிவின் நடுவே ‘டிக்’, ‘கர்’ என்று சத்தம் விழுவது ஏன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதற்கு விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் மொத்தத் தவறும் இங்கேதான் பிறக்கிறது. ரெக்கார்டிங் மென்பொருள் ஒலியைத் தொடர்ச்சியாக வாங்குவதில்லை, சிறு சிறு கட்டுகளாக வாங்குகிறது. அந்தக் கட்டுக்குப் பஃபர் என்று பெயர். 256 மாதிரிகள் கொண்ட பஃபர் என்றால் 5.3 மில்லிவிநாடிக்கு ஒரு கட்டு. அதற்குள் கம்ப்யூட்டர் அந்தக் கட்டை வாங்கி, வேலையை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அரை மில்லிவிநாடியில் முடித்தாலும் நான்கு மில்லிவிநாடியில் முடித்தாலும் கேட்பவருக்கு ஒன்றுதான். ஆனால் ஒரே ஒருமுறை ஆறு மில்லிவிநாடி ஆகிவிட்டால் ஒலியில் ஓட்டை விழும். எத்தனை வேகமாக வாசித்தாலும் சமத்தில் வந்து விழாத தபலாக்காரரை யாரும் மேடையில் வைத்துக்கொள்வதில்லை. லேப்டாப்பிடம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

சமத்தைத் தவறவிடச் செய்வது பெரும்பாலும் ப்ராசஸர் இல்லை. வைஃபை டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர், பேட்டரியை நிர்வகிக்கும் டிரைவர் ஆகியவை அவ்வப்போது ப்ராசஸரைத் தம் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. விண்டோஸில் இதை டிபிசி லேட்டன்சி என்பார்கள். லேட்டன்சிமான் என்ற மென்பொருளை அரைமணி நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் எத்தனை மைக்ரோவிநாடி பிடித்து வைத்தது என்று பெயரோடு காட்டிவிடும். கேமிங் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் ஒன்று, இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போகும் ஏற்பாடு, விசைப்பலகை விளக்குக்கு ஒரு மென்பொருள், ஃபேனுக்கு ஒரு மென்பொருள். இடையூறு செய்யக்கூடியவை எல்லாவற்றையும் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வருகிறோம். ரெக்கார்டிங் மென்பொருள்கள் அந்த கிராஃபிக்ஸ் கார்டை ஒலிக்கு ஏறக்குறையப் பயன்படுத்துவதே இல்லை. ‘கோர்’ எண்ணிக்கையும் நினைக்கும் அளவுக்கு உதவாது. ஒரு ட்ராக்கில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிய ப்ளக்-இன்கள் வரிசையாகத்தான் ஓட முடியும். முதலாவது முடிக்காமல் இரண்டாவது தொடங்க வழியில்லை. அந்த வரிசை முழுவதும் ஒரே கோரில் போகும், மற்ற கோர்கள் வேறு ட்ராக்குகளுக்குக் காத்திருக்கும்.

ஃபேன் விஷயத்தை யாருமே சொல்வதில்லை. பெரிய ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள லேப்டாப் சூடாகும், புணேயின் ஏப்ரல், மே வெயிலில் இன்னும் சூடாகும். ஃபேன் சீறத் தொடங்கும். வீட்டில் ஒலிப்பதிவு செய்பவருக்குத் தனிக் கண்ட்ரோல் ரூம் கிடையாது. மைக்கும் லேப்டாப்பும் ஒரே மேஜையில்தான். ஷட்ஜத்தில் நிற்கும் தம்பூராவின் ஓசைக்கு அடியில் அந்தச் சீறல் போய் உட்கார்ந்துகொண்டால், பிறகு அதைப் பிரித்தெடுக்கும்போது தம்பூராவின் ஜீவனும் கொஞ்சம் சேர்ந்தே போய்விடும்.

‘தாமதம் இல்லாமல் கேட்க வேண்டுமே, அதற்கு வேகமான லேப்டாப் வேண்டாமா?’ பாடகருக்கு வேண்டாம். இன்று விற்கும் சாதாரண இரண்டு மைக் இண்டர்ஃபேஸிலும் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் பாடகரின் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். பஃபரை 1024க்கு ஏற்றிவிட்டு, லேப்டாப்பை நிம்மதியாக வேலை செய்யவிடலாம். குரல், வயலின், புல்லாங்குழல், தபலா என்று மைக் வைத்துப் பதிவு செய்யும் எதற்கும் இது போதும். கிடாரைச் செருகி மென்பொருள் ஆம்ப் வழியாக வாசிப்பவருக்கும், கீபோர்டில் மென்பொருள் வாத்தியம் வாசிப்பவருக்கும் மட்டும் பஃபரைக் குறைத்தாக வேண்டும். அங்கேயும் 128 மாதிரி என்பது 2.7 மில்லிவிநாடிதான். போகவர இரண்டு முறை, கன்வர்ட்டர் எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேர்த்தாலும் எட்டுப் பத்து மில்லிவிநாடிக்குள் அடங்கும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ மூன்று மில்லிவிநாடி ஆகிறது. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிக்கும் கிடார்காரர் அதே தாமதத்தோடுதான் மேடையில் வாசிக்கிறார். இதற்கு வேண்டியது, ஒலிக்கென்றே எழுதிய ஒழுங்கான ஏஎஸ்ஐஓ டிரைவரோடு வரும் இண்டர்ஃபேஸ். அதை வாங்காமல் லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலேயே எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பவர்தான் ப்ராசஸரைக் குறை சொல்கிறார். ப்ளூடூத் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு தாமதத்தைப் பற்றிப் பேசுபவரிடம் முதலில் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

இனி மேக். ‘இண்டஸ்ட்ரியில் எல்லோரும் மேக்தான்’ என்ற வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பிய இசைக்கலைஞர்கள் பலரின் கம்ப்யூட்டர் மேக் இல்லை, அட்டாரி எஸ்டி. 1985இல் வந்த அந்தக் கம்ப்யூட்டரிலேயே மிடி இணைப்புகள் பொருத்தப்பட்டிருந்தன. 1989இல் கியூபேஸ் பிறந்தது அதற்காகத்தான். 1991இல் ப்ரோ டூல்ஸ் மேக்கின்டாஷில் வந்தது, அன்றைக்கு அதில் நான்கு ட்ராக்குகள். ஸ்டுடியோக்கள் அதை வாங்கின, கூடவே மேக்கும் உள்ளே வந்தது. 2002இல் ஆப்பிள் எமாஜிக் நிறுவனத்தை வாங்கி லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியதும் இன்னொரு கூட்டம் மேக் பக்கம் போனது. இவை வணிகக் காரணங்கள். இன்று ப்ரோ டூல்ஸ், கியூபேஸ், ஏபிள்டன் லைவ், ஸ்டுடியோ ஒன், ரீப்பர் எல்லாம் இரண்டிலும் ஓடுகின்றன.

ஆப்பிள் லேப்டாப்பை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் ஒலி டிரைவர் அமைப்பு ஒழுங்கானது. 2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, ஒலிப்பதிவுக்கு அது பெரிய வரம். செகண்ட் ஹேண்டில் நல்லதாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ராமைப் பிறகு கூட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 16 ஜிபி உள்ளதைத் தேட வேண்டும். வீட்டில் நான்கு மைக் வைக்கப்போகும் மாணவர் அதைத் தாண்டி மேக்புக் ப்ரோவுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. மேக்புக் ப்ரோ வைத்திருந்தால் துறையில் மதிப்பு கிடைக்கும் என்கிறார்கள். இந்த ஊர் லா காலேஜ் ரோட்டில், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் இருக்கும் திரைப்படக் கல்லூரியில் 1995இல் படிப்பை முடித்த ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கர் வாங்கினார். அவர் படித்த காலத்தில் பல ட்ராக் ஒலிப்பதிவு செய்யும் லேப்டாப் என்ற ஒன்றே மாணவர் கைக்கு எட்டியதில்லை. அங்கே பழக்கியது காதை.

பணம் போக வேண்டிய இடம் அறை. புணேயின் அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் டைல்ஸ், சுவரில் வழுவழுப்பான பூச்சு, ஒரு பக்கம் சறுக்கும் கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று எதிரொலிக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மூன்று மீட்டர் இருந்தால் 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலி தேங்கி வீங்கும், தபலாவின் டக்கா அங்கேதான் குழம்பும். வெளியே ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் ஓயாத ஊர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் வரை அனுமதிக்கின்றன, இரவில் 45. 24 பிட் பதிவின் கோட்பாட்டு எல்லை 144 டெசிபல். அதில் அடியில் இருக்கும் பெரும்பகுதியைத் தெருச் சத்தம் விழுங்கிவிடுகிறது. இந்த நிலையில் லேப்டாப்புக்கு இன்னொரு எழுபதாயிரம் கொடுத்து எதைக் காப்பாற்றப் போகிறோம்?

அந்த எழுபதாயிரத்தில் கால்வாசியை அறைக்குக் கொடுத்தால் வித்தியாசம் அன்றைக்கே காதில் விழும். மரச் சட்டத்துக்குள் ராக்வூல் பலகையை வைத்துத் துணி சுற்றி மூலைகளில் நிறுத்துவது, பாடுபவருக்குப் பின்னால் கனமான ரஜாய்களைத் தொங்கவிடுவது, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்வது போன்றவை போதும். முட்டைத் தட்டுகளை ஒட்டுவது வீண் வேலை. பழைய பேட்டைகளில் மிச்சமிருக்கும் ‘வாடா’ என்ற பழைய பாணி வீட்டில் ஓர் அறை கிடைக்குமானால் அதைவிடப் பாக்கியம் இல்லை. மர உத்தரமும் மண் சுவரும் ஒலியை நிரவும் விதமே வேறு. தெருச் சத்தம் தவிர்க்க முடியாத வீட்டில் கண்டென்சர் மைக்கைவிட டைனமிக் மைக்கே மேல், அதை நெருக்கமாக வைத்துப் பாட வேண்டும். மைக்கேல் ஜாக்சன் ‘த்ரில்லர்’ பாடியது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில். ஏ.ஆர். ரஹ்மானிடம் கீபோர்டுகள் இருந்தன, சாம்ப்ளர்கள் இருந்தன. ஆனாலும் ‘ரோஜா’ கைக்கு வருமுன்பே, 1989இல், கோடம்பாக்கத்து வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவர் கட்டி வைத்திருந்தது ஒலிப்பதிவுக்கென்றே ஓர் அறை. நம் பிள்ளைகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. அவருடைய லேப்டாப் என்ன மாடல் என்று தேடிக்கொண்டிருப்பதில் ஒன்றும் இல்லை.

இந்த ஊருக்கே உரிய உதாரணம் ஒன்றும் உண்டு. கணேசோத்சவத்துக்கு முந்தைய வாரங்களில் முட்டா நதிக்கரையோரம் டோல்-தாஷா மேளக் குழுக்கள் மாலை தோறும் பயிற்சி செய்யும். அதைப் பதிவு செய்யப் போகிறவருக்கு லேப்டாப்பின் சக்தியால் எந்தப் பயனும் கிடையாது. தாஷாவின் ஒவ்வொரு அடியும் ஊசியாய்க் குத்தும் ஒலி, அதன் உச்சம் மைக் ப்ரீஆம்ப்பைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும். வெட்டுப்பட்டதை எந்த ஐ9ஆலும் ஒட்ட முடியாது. கெயினைக் குறைத்து, உச்சம் எல்லைக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழேயே நிற்கும்படி வைத்து, மைக்கைப் பத்தடி தள்ளிச் சற்று உயரத்தில் நிறுத்தத் தெரிந்தவர், உள்ளங்கை அளவு கையடக்க ரெக்கார்டரிலேயே அருமையாகப் பிடித்து வருவார். ஆவணிமழை தூறும் ஆற்றங்கரையில் இரண்டு லட்ச ரூபாய் லேப்டாப்பை வெளியே எடுக்கவே மனம் வராது.

கிரானா கரானாவின் இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கான் 1913இல் புணேயில் இசைப் பள்ளி நடத்தியவர். 1937இல் நம் சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தவர். மூன்று நிமிடம் மட்டுமே பிடிக்கும் 78 சுழற்சித் தட்டுகளில்தான் அவர் குரல் மிஞ்சியிருக்கிறது. அவருடைய சீடர் சவாய் கந்தர்வரின் பெயரில் பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய விழாவுக்கு இன்றும் டிசம்பரில் கூட்டம் கூடுகிறது, அந்தத் தட்டுகளையும் இன்றும் கேட்கிறார்கள். பழைய கருவி போதும் என்று வாதாட இதைச் சொல்லவில்லை. இரைச்சல் குறைந்த மைக் அன்று இருந்திருந்தால் அந்த ஸ்வரங்களின் நுணுக்கம் இன்னும் எவ்வளவோ மிஞ்சியிருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அந்த ஏக்கத்தைத் தீர்க்கும் மைக் இன்று மாணவர் விலையில் கிடைக்கிறது, அதை விட்டுவிட்டு கிராஃபிக்ஸ் கார்டு வாங்குகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

பெரிய கம்ப்யூட்டர் உண்மையிலேயே வேண்டியவர்கள் உண்டு. படத்துக்குப் பின்னணி இசை அமைப்பவர், முழு ஆர்க்கெஸ்ட்ராவின் சாம்ப்பிள் நூலகங்களைத் திறந்து வைத்திருப்பவர் ஆகியோருக்கு 32, 64 ஜிபி ராமும் வேகமான எஸ்எஸ்டியும் அவசியம். வீடியோ எடிட்டிங் செய்பவருக்குக் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அந்த வேலைக்குச் சம்பளம் வரத் தொடங்கியதும் வாங்கலாம். மற்றவர்களுக்கு மிக்ஸிங்கில் ப்ளக்-இன் கூடித் திணறினால், ட்ராக்கை ‘ஃப்ரீஸ்’ செய்யும் வசதி பெரும்பாலான முக்கிய மென்பொருள்களில் இருக்கிறது. ‘எதிர்காலத்துக்கும் சேர்த்து’ இப்போதே வாங்கிவிடலாம் என்பது வியாபாரிக்கு மட்டும் லாபமான யோசனை. நல்ல மைக் இருபது வருடம் கழித்தும் மைக்காகவே இருக்கும், லேப்டாப்புக்கு அந்த ஆயுள் கிடையாது.

என்னிடம் கேட்கும் மாணவருக்கு நான் சொல்வது இது. ஒரு லட்ச ரூபாய் இருக்கிறதா? நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மாற்றும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகை லேப்டாப்புகள் ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கு வருகின்றன. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததாக, 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் உள்ளதாக ஒன்றை முப்பது, முப்பத்தைந்தாயிரத்துக்குள் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்கட்டும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே லேட்டன்சிமானை ஓடவிட்டு, வைஃபை போட்டும் அணைத்தும் பாருங்கள். ஃபேன் சத்தத்துக்குக் காது கொடுங்கள். இண்டர்ஃபேஸைக் கையோடு கொண்டுபோய்ச் செருகி, சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஹெட்ஃபோனில் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் வருகிறதா என்று கேளுங்கள். வீட்டு எர்த்திங் சரியில்லாவிட்டாலும் அது வரும், அப்போது பேட்டரியிலேயே பதிவு செய்யலாம். மிச்ச அறுபத்தைந்தாயிரம் இண்டர்ஃபேஸ், மைக், மூடிய வகை ஹெட்ஃபோன், உறுதியான ஸ்டாண்ட், கேபிள், அறை என்று போகட்டும். மென்பொருளுக்கு ரீப்பர் இருக்கிறது. 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். திறந்த மூல மென்பொருளான ‘ஆர்டர்’ (Ardour) என்பதும் இருக்கிறது. திருட்டு நகல் தேட வேண்டிய அவசியமே இல்லை.

பயிற்சி நிலையங்களை நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. சேர்க்கைப் படிவத்தோடு தரும் லேப்டாப் பட்டியலிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டு வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு மைக் இண்டர்ஃபேஸ் ஒன்றையும் டைனமிக் மைக் ஒன்றையும் எழுதுங்கள். முதல் வார வகுப்பை ப்ளக்-இன்னில் தொடங்காமல், மாணவர் தன் அறையில் கை தட்டிப் பதிவு செய்து கொண்டுவந்த பத்து விநாடி ஒலியை எல்லோருமாக உட்கார்ந்து கேட்பதில் தொடங்குங்கள்.